தூரத்து நண்பருக்கு ஊர்ப் படங்கள்: எடுப்பதிலிருந்து தபாலில் சேர்ப்பது வரை

மலேசியாவின் ரப்பர் தோட்டத்து ஊர்களில் வெளியே போன ஆள் இல்லாத குடும்பம் இல்லை. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் ஜொகூரில், இன்னொருவர் மெல்பர்னிலோ லண்டனிலோ இருப்பார். கல்யாணம், திருவிழா, வெள்ளம், சாவு என்று ஊரின் பெரிய செய்தியெல்லாம் அவர்களுக்குக் கைப்பேசியில் உடனே போய்விடுகிறது. போகாதது அன்றாடம்தான். நியூசிலாந்தில் இருக்கும் என் தோழி ஒருமுறை கேட்டாள்: "பஸ் ஸ்டாப்புல அந்தச் சிமெண்டு பெஞ்சு இன்னும் இருக்காடி?" திருவிழாப் படங்கள் அவளுக்கு நூறு வந்திருக்கும். பெஞ்சை யாரும் அனுப்பவில்லை.

இப்படிப்பட்ட அன்றாடப் படங்களைச் சேர்த்து, காகிதத்தில் அச்சடித்து, பின்புறம் நாலு வரி எழுதி, உறையில் போட்டு அனுப்ப ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதுவரை செய்து பழகாதவர்களை மனத்தில் வைத்தே எல்லாம் சொல்லியிருக்கிறேன். கேமரா வாங்க வேண்டாம், கையில் இருக்கும் கைப்பேசி போதும். நான் இருப்பது பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். உங்கள் ஊர் பீடோரோ தாப்பாவோ கூலிமோ பந்திங்கோ, பெரும்பாலும் இதே கதைதான்.

எதை எடுப்பது

சுங்கை சிப்புட் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க, மலாயாவில் அவசரகாலம் வந்தது. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் தொழிலாளர் குடும்பங்கள் போக்கிடம் இல்லாமல் நின்றபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை முன்னின்று தொடங்கியவர் அவர். இவையெல்லாம் தேடினால் உலகத்தில் எங்கிருந்தும் படத்தோடு கிடைக்கும். ஆனால் காலை ஏழு மணிக்குச் சாலையோர ஒட்டுக்கடையில் தோசைக்கல்லுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள், மளிகைக் கடை வாசலில் வெங்காய மூட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் நீங்கள் எடுத்தால்தான் உண்டு.

முதல் வேலை, படம் எடுக்கப் புறப்படுவதற்கு முன்பே நண்பரிடம் கேட்பது. "உனக்கு என்ன படம் வேண்டும்?" என்று கேட்காதீர்கள், "ஏதாவது அனுப்பு" என்றுதான் பதில் வரும். பள்ளிக்கு எந்த வழியாகப் போனாய், காசு கிடைத்தால் முதலில் எந்தக் கடைக்கு ஓடினாய், மழைக்கு எங்கே ஒதுங்கினாய் என்று கேளுங்கள். அவர் சொல்லும் வழியை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் பட்டியல்.

அப்புறம் அந்த வழியில் நடந்துகொண்டே எடுங்கள். 'கோயில்கள்', 'உணவு', 'இயற்கை' என்று தலைப்புப் போட்டுக்கொண்டு தேடினால் சுற்றுலாத் துறை நாட்காட்டி மாதிரி ஆகிவிடும். வீட்டு வாசல், சந்து, கால்வாய்ப் பலகை, கடை, பஸ் ஸ்டாப், பள்ளிக் கேட்டு என்று வரிசையாக எடுத்தால், உறையைப் பிரிக்கிற நண்பர் அதே வரிசையில் படங்களை அடுக்கி ஊருக்குள் நடந்து வந்துவிடுவார்.

விலைப் பலகைகளை விடாமல் எடுங்கள். கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) எத்தனை வெள்ளி (ரிங்கிட்), ரொட்டி சானாய் எத்தனை வெள்ளி என்று எழுதிய பலகையை நண்பர்கள் நெடுநேரம் பார்ப்பார்கள். மோட்டாரில் ரொட்டி விற்க வருபவரின் பின்பெட்டி, அதில் தொங்கும் பொட்டலங்கள். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கடை விரிப்பதற்கு முன் வெறுமையாகக் கிடக்கும் சாலை. தைப்பூசத்துக்கு மறுநாள் கோயில் வாசலில் குவிந்திருக்கும் தேங்காய் ஓடு. தைப்பூசத்தன்று எடுத்த படத்தைவிட இந்த மறுநாள் படம் எனக்குப் பிடிக்கும்.

மறையப்போகிறவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். தோட்டத்து லயத்து வீடுகள் இடிந்து, ஆட்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எல்லாம் பல தோட்டங்களில் தரையோடு தரையாகப் போய்விட்டன. மிஞ்சியிருப்பது ஒரு சிமெண்டுத் தரையோ ஒரு தண்ணீர்த் தொட்டியோ ஆனாலும் எடுங்கள். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை மின்சார இரட்டைத் தண்டவாளம் 2014இல் முடிந்த பிறகு வழியெல்லாம் ரயில் நிலையங்களின் முகமே மாறிவிட்டது. அதற்கு முன் ஊரைவிட்டுப் போனவருக்கு இப்போதைய நடைமேடைகூடப் புதுச் செய்திதான்.

பால் மரத்தைப் படம் எடுப்பவர்களுக்கு

செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகு பால் மரக் காடு, அதாவது ரப்பர்க் காடு, குறைந்துவிட்டது. சிறு தோட்டக்காரர்கள் இன்னும் மரம் வெட்டுகிறார்கள்; பாலுக்காகப் பட்டையைச் சீவுவதைத்தான் மரம் வெட்டுவது என்போம். தோட்டத்தில் வளர்ந்த நண்பருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மரம் வெட்டுவது விடியலில்தான். வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பதால் பால் நன்றாக ஓடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆள் மரத்துக்கு மரம் நகர்வதை அந்த இருட்டில் கைப்பேசியால் எடுக்க முடியாது, முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு மரத்தின் அருகே போய்க் குனியுங்கள். வெட்டு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும். பட்டைக்குள் பால் குழாய்கள் எதிர்ச் சாய்வில் ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். அந்தச் சரிவில் பால் மெல்லிய வெள்ளைக் கோடாக வழிந்து, சிறு தகரத்தில் இறங்கி, மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சொட்டும். மங்கின் விளிம்பில் முந்தின நாள் பால் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருக்கும். வெட்டுக்கு மேலே பழைய வெட்டுகளின் தடம் வரி வரியாகத் தெரியும். இந்த மூன்றும், அதாவது புதுக் கோடு, மங்கு, பழைய வரிகள், ஒரே சட்டத்துக்குள் வரும்படி செங்குத்தாக எடுங்கள். சொட்டுக்காகக் காத்திருங்கள், ஒன்று போனால் அடுத்தது வரும்.

பிப்ரவரி, மார்ச் வாக்கில் போனால் இலைகள் செம்பழுப்பாகி உதிர்ந்து கிடக்கும். ஆகஸ்டுக்குப் பிறகு காய் வெடித்து விதை சிதறும் காலம். விதையின் மேல் புள்ளிக் கோலம் இருக்கும். உள்ளங்கையில் ஐந்தாறு விதைகளை வைத்து எடுத்தால் அதுவே ஒரு கடிதம். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இருக்காது, அன்றைக்குப் போக வேண்டாம்.

நேரம் இருந்தால் கோலகங்சாருக்கும் ஒரு நடை போய் வாருங்கள், இங்கிருந்து பக்கம்தான். 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. நம் தாத்தா பாட்டிகளைக் கடல் தாண்ட வைத்த மரத்தின் மூத்த உறவு அது.

வெளிச்சம்

தீபகற்பத்தில் நம் கடிகாரம் சூரியனுக்கு முந்தி ஓடுகிறது. 1982 தொடக்கத்தில் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க அரை மணி கூட்டினார்கள். அதனால் இங்கே சூரியன் உதிக்கவே ஏழு மணிக்கு மேல் ஆகிறது. உச்சி வெயில் 12 மணிக்கு வருவதில்லை, 1 மணி தாண்டித்தான் வருகிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காலை 7:30 முதல் 9:30 வரையும், மாலை 5:30க்குப் பிறகும் எடுங்கள். நடுப்பகலில் எடுத்தால் முகமெல்லாம் கண்குழி கறுத்துப் பேய் மாதிரி தெரியும். அந்நேரம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் கடை வரிசைக்கு முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடிப் பாதையின் நிழலுக்குள் ஆளை நிறுத்துங்கள்.

ஏர்கோன் போட்ட காரிலிருந்து இறங்கியவுடன் லென்ஸில் பனி படியும். சட்டைத் துணியால் தேய்க்காமல் சில நிமிடம் பொறுத்தால் தானாகப் போய்விடும்.

கேட்டுவிட்டு எடுங்கள்

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தெரிந்தவராக இருந்தாலும் கேளுங்கள். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா? வெளியூர்ல இருக்கிற கூட்டாளிக்குத் தபால்ல அனுப்பப்போறேன்" என்றால் போதும், எங்கே போகப்போகிறது என்று சொல்லிவிட்டால் மறுப்பவர் குறைவு. இன்று தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களிடம் மலாயில் "போலே சாயா அம்பில் கம்பார்?" (நான் படம் எடுக்கலாமா?) என்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். பெர்மிட்டும் வேலையும் சம்பந்தப்பட்ட பயம் அவர்களுக்கு இருக்கலாம், நம் படத்துக்காக அதைக் கிளற வேண்டாம்.

தோட்டம் தனியார் இடம். தடுப்புக் கம்பம் இருக்கும் பாதையில் காவலாளியிடமோ அலுவலகத்திலோ சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போலீஸ் நிலையம், ராணுவ முகாம், படமெடுக்கத் தடை என்று பலகை போட்ட இடம், இவற்றின் பக்கம் கைப்பேசியை நீட்டவே வேண்டாம். கோயிலில் கருவறைக்கு நேரே எடுக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரிடம் கேளுங்கள். முதுகில் பையைச் சுமந்துகொண்டு போகும் பின்பக்கப் படம் எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை, அழகாகவும் இருக்கும்.

அச்சடிக்கும்போது அந்தக் கடைக்கார அக்காவுக்கும் ஒரு பிரதி அடித்துக் கொடுங்கள். அடுத்த முறை அவரே கூப்பிட்டு நிற்பார்.

பொறுக்குவதும் அச்சடிப்பதும்

ஓர் உறைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு படம் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் நண்பர் ஒவ்வொன்றையும் நின்று பார்க்க மாட்டார். எடுத்ததையெல்லாம் ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். அழகாக இருப்பதற்காக ஒரு படம், கேள்வி எழுப்புவதற்காக ஒரு படம் என்று இரண்டு கையில் இருந்தால், கேள்வி எழுப்புகிற படத்தை அனுப்புங்கள். பதில் கடிதம் வருவது அதனால்தான்.

பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடைகளிலேயே பெரும்பாலும் அச்சும் அடித்துத் தருவார்கள். 4ஆர் அளவு கேளுங்கள், அதாவது நாலு அங்குலத்துக்கு ஆறு அங்குலம். இங்கே ஒரு சங்கதி. கைப்பேசிப் படம் வழக்கமாக 4க்கு 3 என்ற விகிதம்; 4ஆர் காகிதம் 3க்கு 2. காகிதம் நிரம்ப அடித்தால் படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். ஓரத்தில் நிற்கும் பாட்டியின் கை போய்விடும். எடுக்கும்போதே ஓரத்தில் இடம் விடுங்கள், இல்லையென்றால் வெள்ளை விளிம்போடு முழுப் படமாக அடிக்கச் சொல்லுங்கள். எனக்கு வெள்ளை விளிம்புதான் பிடிக்கும். விரல் பட்டாலும் படம் கெடாது.

கடைக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பெண்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். 4ஆர் தெளிவாக வர 1800க்கு 1200 புள்ளிகள் போதும், இன்றைய எந்தக் கைப்பேசியும் அதைத் தாண்டும். பளபளப்புக் காகிதத்தைவிட மங்கலான மேட் காகிதம் நல்லது. நம் ஊர் ஈரத்தில் பளபளப்புப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்து வரும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்தால் ஒருநாள் காயவிட்டுத்தான் அடுக்க வேண்டும்.

பின்புறம் எழுதுவது

படம் பாதி, பின்புறம் மீதி. இதைச் சோம்பேறித்தனமாகச் செய்யாதீர்கள். தேதி, கிழமை, நேரம், இடம் முதலில் வரட்டும். அடுத்து, படத்தில் தெரியாத ஒன்றை எழுதுங்கள்: வாசனை, சத்தம், அப்போது யார் என்ன சொன்னார்கள் என்பது. 'இது நம் பள்ளி' என்று எழுதுவதில் பயனில்லை, அவருக்குத் தெரியாதா? இப்படி எழுதிப் பாருங்கள்:

"12.3.2024, செவ்வாய், காலை 7:40. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பால் மரக் காடு. இலையெல்லாம் கொட்டிவிட்டது. நீ வேண்டுமென்றே காலைத் தேய்த்துச் சத்தம் போட்டுக்கொண்டு வருவாயே, அந்தப் பாதைதான். இப்போது நாய்க்குப் பயந்து பிள்ளைகள் இந்தப் பக்கம் வருவதில்லை. வலப்பக்கம் தெரியும் நீலக் கூரை புதுசு, யார் வீடென்று கண்டுபிடி."

கடைசி வரியைக் கவனியுங்கள். அதற்காகவே ஒரு பதில் வரும்.

படக் காகிதத்தின் பின்புறம் வழவழப்பாக இருக்கும். பால்பாயிண்டை அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும். நீர் மைப் பேனா காயாமல் அடுத்த படத்தில் இழுகும். மெல்லிய முனையுள்ள பெர்மனெண்ட் மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள், ஓரமாக எழுதுங்கள், காயும் வரை விரித்து வையுங்கள். நிறைய எழுத இருந்தால் தனித் தாளில் எழுதி, படத்துக்கு எண் போட்டுவிடுங்கள்.

உறையும் தபாலும்

படங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்காதீர்கள். இடையிடையே மெல்லிய வெள்ளைத் தாள் வைத்து, பிஸ்கட் பெட்டி அட்டையைப் படத்தைவிடச் சற்றுப் பெரிதாக இரண்டு துண்டு வெட்டி, அவற்றின் நடுவில் படங்களை வையுங்கள். அட்டையின் ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டுங்கள், படத்தில் படக் கூடாது. ரப்பர் பேண்டு போடவே கூடாது: அதில் இருக்கும் கந்தகம் நாளடைவில் படத்தைக் கெடுக்கும், வெப்பத்தில் இளகி ஒட்டியும் கொள்ளும். ரப்பர் தோட்டத்து ஊரிலிருந்து போகும் உறையானாலும் இந்த விதிதான். கிளிப், ஸ்டேப்பிள் இரண்டும் வேண்டாம். அனுப்பும் வரை படங்களை மூடி இறுக்கமான டப்பாவில், மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வையுங்கள்.

ஒரு 4ஆர் படம் ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். பத்துப் படம், அட்டை, கடிதம், உறை எல்லாம் சேர்ந்தால் சாதாரண 20 கிராம் கடித அளவைத் தாண்டிவிடும். ஆகவே தபால் தலையை வீட்டிலேயே ஊகத்தில் ஒட்டாமல், போஸ் மலேசியா தபால் நிலைய முகப்பில் எடை போட்டுக் கட்டணத்தைக் கேளுங்கள். அச்சிட்ட சீட்டுக்குப் பதிலாக உண்மையான தபால் தலை கிடைக்குமா என்றும் கேளுங்கள். மலேசியாவில் மாநிலத்துக்கு மாநிலம் தனித் தலை வெளியிட்டிருக்கிறார்கள். பேரா என்று எழுதிய தலை கிடைத்தால் நண்பருக்கு அதுவே ஒரு படம்.

முகவரி ரோமன் எழுத்தில் இருக்கட்டும், நாட்டின் பெயர் கடைசி வரியில் தனியாகப் பெரிய எழுத்தில். இந்தியாவுக்கு என்றால் ஆறு இலக்கப் பின்கோடு விட்டுப்போகக் கூடாது. உங்கள் முகவரியை உறையின் பின்பக்கம் அஞ்சல் குறியீட்டோடு எழுதுங்கள். சுங்கை சிப்புட்டுக்கு 31100. உறையின் மேல் 'மடக்காதே' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இழக்க மனமில்லாத படங்கள் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 13 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு தருவார்கள், அதை வைத்து உறை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆசையில் ஒரு ரப்பர் விதையையோ, காய்ந்த இலையையோ, கோயில் பூவையோ உறைக்குள் போட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விதை, செடி விஷயத்தில் மிகக் கண்டிப்பானவை. உறையைப் பிரித்துப் பறிமுதல் செய்வார்கள், பெறுபவருக்கும் தொல்லை. விதையைப் பத்து சென் காசுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், அளவும் புரியும்.

அனுப்பிய பிறகு

ஒவ்வோர் உறைக்கும் ஓர் எண் கொடுங்கள். ஒட்டுவதற்கு முன் எல்லாப் படத்தையும் மேசையில் பரப்பி, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தொலைந்தாலும் நீங்கள் எழுதியது உங்களிடம் இருக்கும். ஒரு பழைய நோட்டில் எண், தேதி, என்னென்ன படம் என்று குறித்துவைத்தால், ஒரே பெஞ்சை இரண்டு முறை அனுப்பாமல் தப்பிக்கலாம். வேண்டுமென்றே ஓர் ஆண்டு கழித்து அதே பெஞ்சை அதே இடத்தில் நின்று எடுத்து அனுப்புவது வேறு விஷயம், அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

உறை போய்ச் சேர்ந்துவிட்டதா என்று தினமும் கேட்டு நச்சரிக்காதீர்கள். அவர் பிரித்த பிறகு பேசட்டும். "அந்த நீலக் கூரை யாருது?" என்று அவர் கேட்கும் கேள்விகளை அப்படியே நோட்டில் எழுதுங்கள். அடுத்த உறைக்கான பட்டியல் அதிலிருந்து தொடங்கும். அவரிடமும் அவர் ஊர்ப் படங்களைக் கேளுங்கள்: அவர் காய்கறி வாங்கும் கடை, வேலைக்குப் போகும் பஸ், சமையலறைச் சன்னலுக்கு வெளியே தெரிவது. அவருடைய அன்றாடமும் நமக்குத் தெரியாததுதானே.